விருத்தாம்பாளைச் சுற்றி ஒன்பதரை அடி

ஐப்பசியின் முதல் பெருமழை விட்ட சாயங்காலம் மேல்செங்காட்டுப் பேருந்து நிறுத்தத்தில் தெருவிளக்கைச் சுற்றி ஈசல் கிளம்பியது. ஆயிரமா லட்சமா என்று தெரியவில்லை, நின்றிருந்தவர்களின் காதிலும் மூக்கிலும் சட்டைக்குள்ளும் புகுந்து, டீக்கடைப் பாலில் விழுந்து, மளிகைக் கடைக்காரர் ஷட்டரையே இறக்கும்படி ஆனது. அப்போது கம்பெனி வேன் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கிய விருத்தாம்பாளைச் சுற்றி ஒரு ஈசல்கூட இல்லை. பெரிய கண்ணாடிப் பானை ஒன்றைக் கவிழ்த்து அதற்குள் அவளை நிறுத்தியதுபோல, தலைக்கு மேலேயும் இரண்டு பக்கமும் ஓர் எல்லை வரைக்கும் வந்த பூச்சிகள் அங்கே முட்டித் திரும்பின. அவள் நடந்தாள், பானையும் கூடவே நடந்தது. அவள் டீக்கடையைத் தாண்டுகிற நேரத்துக்குள் கடைக்காரர் பால் சட்டியின் மூடியை எடுத்து அவசரமாக நாலு டீ ஆற்றினார், அவள் போனதும் மறுபடி மூடினார். நாங்கள் எல்லோரும் பார்த்தோம். "பாரேன்" என்று யாரோ சொன்னார்கள். பிறகு பண்ருட்டி பஸ் வந்தது, ஏறினோம்.

அவளை எல்லோருக்கும் தெரியும். பலா மண்டியில் லோடு ஏற்றும் கலியமூர்த்தியின் மனைவி, முப்பத்து நாலு வயது, கல்யாணமாகி வெகு நாள் கழித்துப் பிறந்த ஒரு பெண் குழந்தை, இலக்கியா என்று பெயர், அப்போது ஐந்து மாதம். ஊருக்குக் கிழக்கே முந்திரிக்காடு முடிகிற இடத்தில் இருக்கும் பூச்சிமருந்துக் கம்பெனியில் விருத்தாம்பாள் பதினோரு வருடமாகத் துணி துவைத்தாள். மருந்து கலக்குவதும் நிரப்புவதும் அறுபத்திரண்டு ஆண்கள். ஷிப்ட் முடிந்ததும் அவர்களுடைய நீலச் சட்டையும் கால்சட்டையும் பின்பக்கத் தகரக் கொட்டகைக்கு வந்து குவியும். அவற்றை உதறி, ஊறவைத்து, கல்லில் கும்மி, அலசி, காயப்போட்டு, மடித்துக் கொடுப்பது அவள் வேலை. கலக்குகிறவர்களுக்கு முகமூடி உண்டு, கையுறை உண்டு, வருடத்துக்கு ஒரு தடவை ரத்தம் எடுத்துப் பார்ப்பதும் உண்டு. துவைக்கிறவளுக்கு சோப்பு உண்டு.

அவள் எப்போதும் களைத்துத்தான் இருந்தாள். தலை கனக்கும், வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும், சாயங்காலமானால் எதிரில் வருகிறவர்களின் முகம் கலங்கித் தெரியும், டம்ளரைப் பிடித்தால் விரல் நடுங்கும். கேட்டால், "கொழந்த பெத்த ஒடம்புண்ணே, இன்னும் தேறல" என்பாள். குழந்தை பிறப்பதற்கு முன்பு கேட்டபோது, "வெயிலுண்ணே" என்றிருக்கிறாள். நாங்களும் இரண்டையும் நம்பினோம், கேட்பது நம்புவதற்காகத்தானே.

அந்த ஈசல் சாயங்காலத்துக்குப் பிறகு ஒரு வாரம் ஊர் அதைப் பற்றிப் பேசியது. சாமி இறங்கியிருக்கிறது என்று சிலர் சொன்னார்கள், கம்பெனி மருந்தின் மகிமை என்று சிலர் சொன்னார்கள், கம்பெனிக்காரர்கள் அவள் போட்டோவை டப்பாவில் போடலாம் என்று டீக்கடையில் சிரித்தார்கள். எட்டாம் நாள் பேச்சு நின்று வேலை ஆரம்பித்தது. முதலில் அழைத்தது பள்ளிக்கூடத்துச் சத்துணவுக்காரம்மா, சாம்பாரில் ஈ விழுகிறது, உன் மத்தியான இடைவேளையில், பிள்ளைகள் சாப்பிடுகிற அரைமணி நேரம் மட்டும் வந்து உட்காரு தாயி என்று. அடுத்து கார்த்திகையில் காய்ச்சல் பரவியபோது ஆஸ்பத்திரியில் கொசுவலை போதாமல், நர்சம்மாவே வீட்டுக்கு வந்து, வார்டு நடுவில் நாற்காலி போட்டு அவளை உட்கார வைத்தார், சுற்றிலும் ஆறு கட்டில் அவளுடைய எல்லைக்கு உள்ளே வரும்படி நெருக்கிப் போட்டார்கள். தை மாதம் முழுக்கக் கல்யாண வீடுகள், அவளுக்கு மணவறைக்குப் பக்கத்தில் ஒரு தடவையும் பந்தியில் ஒரு தடவையும் இடம் மாற்றிப் போட வேண்டியிருந்தது. ஓர் இழவு வீட்டில் பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள், உறவுக்காரர்கள் துபாயிலிருந்து வந்து சேரும் வரைக்கும் ஒரு ஈ மொய்க்கவில்லை என்று அந்த வீட்டார் இன்றைக்கும் சொல்கிறார்கள்.

நானும் அழைத்தவன்தான். நான் ரேஷன் கடையில் எடை போடுகிறவன், பெயர் சிகாமணி. என் கடை அரிசியில் வண்டு மேயும், பெண்கள் என் முகத்துக்கு நேரே அரிசியை உதறிக் காட்டுவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை மூட்டைகளுக்கு நடுவே உட்காரச் சொன்னேன். சாக்குகளிலிருந்து வண்டுகள் வரிசை வரிசையாக இறங்கி, சுவர் ஏறி, ஜன்னல் வழியாக வெளியேறியதை நின்று பார்த்தேன். விருத்தாம்பாள் மூட்டையில் தலை சாய்த்துத் தூங்கிப் போயிருந்தாள். கம்பெனி வேலை ஆறு நாள், ஊருக்கு வேலை ஏழு நாள். எழுப்ப மனசில்லாமல் எழுப்பினேன், ஏனென்றால் இன்னொரு வரிசை மூட்டை பாக்கி இருந்தது.

அவளுக்கு எல்லோரும் ஏதாவது கொடுத்தார்கள், ஒரு படி உளுந்து, ஒரு புடவை, பந்தியில் மிஞ்சிய ஜாங்கிரி. எல்லோரும் அவளுக்குப் பக்கத்தில் உட்கார இடம் தேடினார்கள். ஆனால் அவள் கையால் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்தவர்கள் எங்கள் ஊரில் யாரும் இல்லை. யாரும் அப்படிச் சொல்லிக்கொண்டதில்லை, கூடிப் பேசியதில்லை, கை தானாகப் பின்னால் போனது. எங்களுக்குத் தெரியாது என்று இப்போது சொன்னால் அது பொய். எங்கள் கைகளுக்குத் தெரிந்திருந்தது.

பங்குனியில் பெர்னதெத் வந்தார். புதுச்சேரிக்காரர், நாற்பத்தைந்து வயதிருக்கும், தொழிற்சாலைகளில் காற்றில் என்ன கலந்திருக்கிறது, அது வேலை செய்கிறவர்கள் உடம்பில் எவ்வளவு போகிறது என்று அளந்து எழுதிக் கொடுப்பது அவர் வேலை. வருடா வருடம் வருவார். ஐந்தாறு ஆண்களின் இடுப்பில் ஒரு சின்னப் பெட்டியைக் கட்டி, அதிலிருந்து ஒரு குழாயைக் காலருக்குப் பக்கத்தில் குத்திவிடுவார், பெட்டி எட்டு மணி நேரம் காற்றை இழுக்கும். அவர் வருகிற தேதி கம்பெனிக்கு முன்கூட்டியே தெரியும், அன்றைக்குப் பாதி இயந்திரம்தான் ஓடும், யாருக்குப் பெட்டி கட்டலாம் என்று மேனேஜர் காட்டுவார். பதினாறு வருடமாகப் பல ஊர்களில் பல கம்பெனிகளில் 'அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் உள்ளது' என்று எழுதி எழுதி அவர் கையெழுத்தே அந்த மூன்று சொற்களுக்காகச் சாய்ந்து போயிருந்தது என்று பின்னால் ஒருநாள் என்னிடம் சொன்னார்.

அந்த வருடம் அவர் மத்தியானச் சாப்பாட்டுக்கு ஊருக்குள் வந்தார். மெஸ்ஸில் இலை போட்டதும், பக்கத்து பெஞ்சில் ஒரு பெண் சாப்பிடாமல் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "அவங்களுக்கு இலை போடலியா?" என்று கேட்டிருக்கிறார். "அது ஈக்காகங்க" என்று பரிமாறுகிறவர் பதில் சொல்லியிருக்கிறார். பெர்னதெத் சாப்பிடவில்லை. இலையை மடித்துவிட்டு எழுந்துபோய் விருத்தாம்பாள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எங்கம்மா வேலை பாக்குறீங்க?"

"கம்பெனியிலங்க. துணி தொவைக்கிறேன்."

"நான் வருசா வருசம் வர்றேனே, உங்கள நான் பாத்ததே இல்லியே?"

"கொட்டாய் பின்னாடி இருக்குங்க மேடம். அங்க யாரும் வரமாட்டாங்க, நாத்தம் அடிக்கும்."

பெர்னதெத் பையைத் திறந்து கம்பெனியின் வரைபடத்தை எடுத்து விரித்தார். கலக்கும் கூடம், நிரப்பும் கூடம், கிடங்கு, ஆபீஸ், கேன்டீன், எல்லாம் இருந்தன. பின்பக்கம் வெறும் வெள்ளையாக இருந்தது.

மறுநாள் பள்ளிக்கூட மைதானத்தில் அவர் செய்ததை ஊரே வேடிக்கை பார்த்தது. விருத்தாம்பாளை ஒரு ஸ்டூலில் உட்கார வைத்து, அவளைச் சுற்றி எட்டுத் திசையிலும் வெல்லத்தூளைக் கோடாகப் போட்டார், கோடு அவள் காலடியில் தொடங்கி இருபதடி வரைக்கும் போனது. எறும்புகள் வந்தன. கோட்டின் வெளிமுனையிலிருந்து மொய்த்துக்கொண்டே உள்ளே வந்தவை ஓர் இடத்தில் நின்றன, கொம்பை ஆட்டின, திரும்பின. பெர்னதெத் தையல்கார டேப்பை விரித்தார். எட்டுக் கோட்டிலும் ஒரே அளவு, ஒன்பதரை அடி. நோட்டில் எழுதாமல் கொஞ்ச நேரம் டேப்பையே பார்த்துக்கொண்டு குந்தியிருந்தார்.

பிறகு, ஷிப்ட் முடிந்து வேனில் வந்து இறங்கிய ஆண்களைப் பார்த்து, "நீங்களும் வந்து உக்காருங்க" என்றார். அவர்களுக்கு விளையாட்டாக இருந்தது. ஒவ்வொருவராக ஸ்டூலில் உட்கார்ந்தார்கள், சிரித்துக்கொண்டே உட்கார்ந்து சிரிக்காமல் எழுந்தார்கள். கலக்குகிறவர்களுக்கு மூன்றடி, மூன்றரை அடி. நிரப்புகிறவர்களுக்கு இரண்டடி. கிடங்குக்காரருக்கு ஒரு முழம். ஆபீஸ் கணக்கருக்கு எறும்பு செருப்பு வரைக்கும் வந்து கட்டைவிரலில் ஏறியது, அவர் ஜெயித்தவர்போலக் காலை உதறினார். கம்பெனியில் ஒரு நாளும் வேலை செய்யாத கலியமூர்த்தி, மண்டியிலிருந்து வேடிக்கை பார்க்க வந்தவன், நண்பர்கள் தள்ளிவிட்டதால் உட்கார்ந்தான். அவனுக்கு ஓரடி. அவன் மனைவியைப் பார்த்தான், அவள் தரையைப் பார்த்தாள்.

அந்த நேரத்தில்தான் அது நடந்தது. குழந்தையை வைத்திருந்த பக்கத்து வீட்டுப் பெண் அதை மரத்தடியில் பாயில் விட்டிருந்தாள், ஆண்களை அளக்கும்போது தள்ளிப் போயிருந்த விருத்தாம்பாள் மைதானத்தின் மறுகோடியில் இருந்தாள், நடுவில் நாற்பதடி இருக்கும். இலக்கியா வெல்லத்தைப் பார்த்துத் தவழ்ந்து வந்தது. எறும்புகள் கறுப்பாக மொய்த்துக் கிடந்த கோட்டின் நடுவில் கையை வைத்தது. "ஐயையோ கடிச்சிடும், தூக்கு, தூக்கு" என்று நாங்கள் கத்தினோம். எறும்புகள் கடிக்கவில்லை. குழந்தையின் கையைச் சுற்றி நாலு விரல் அகலத்துக்கு விலகி, ஒதுங்கி, சுற்றிப் போயின. குழந்தை வெல்லத்தை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தது.

"நம்ம பாப்பாவுக்கு ஒரு கொசு கடிச்சதில்லன்னு சொல்லிக்கிட்டு இருந்தேனே" என்றாள் பக்கத்து வீட்டுப் பெண், யாரிடம் என்றில்லாமல்.

விருத்தாம்பாள் எழுந்து வந்தாள். ஓடவில்லை, அவளால் ஓட முடியாது, நடந்து வந்தாள், அவள் வர வர எறும்புகள் எல்லாக் கோட்டிலிருந்தும் கலைந்து போயின. குழந்தைக்கு முன்னால் உட்கார்ந்தாள். தூக்கவில்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு, "இது கம்பெனிக்கே வந்ததில்லியே மேடம்" என்றாள். "எப்புடி வரும் இதுக்கு?"

பெர்னதெத் பக்கத்தில் உட்கார்ந்தார். "நீங்க துவைக்கும்போது போட்டிருக்கிற புடவையோடதான வீட்டுக்கு வருவீங்க?"

"ஆமாங்க."

"வந்ததும் பசியில இருக்கும்னு முதல்ல பால் குடுப்பீங்க."

விருத்தாம்பாள் குழந்தையிடமிருந்து கொஞ்சம் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"உங்க தப்பு இல்லம்மா. அந்த வரைபடத்துல உங்க கொட்டாய் இல்ல. அங்கதான் தப்பு. நாங்க மூச்சுல போறத அளந்துக்கிட்டே இருந்தோம். தோல் வழியா போறத, ஈரத் துணி வழியா போறத, அது வீடு வரைக்கும் நடந்து வர்றத யாரும் அளக்கல. நானும் அளக்கல."

மறுநாளிலிருந்து விருத்தாம்பாள் வேலைக்குப் போகவில்லை.

பெர்னதெத் ஊர் திரும்பவில்லை, லாட்ஜில் அறை எடுத்துத் தங்கினார். கம்பெனி மேனேஜருக்கு அவரைப் பதினாறு வருடமாகத் தெரியும், நல்ல மாதிரியாகவே பேசினார் என்கிறார்கள். "மேடம், எறும்ப வச்சு ரிப்போர்ட் எழுதுவீங்களா? எந்த விதியில வருது அது?"

"எறும்பப் பத்தி ஒரு வரி எழுதமாட்டேன் சார்," என்றாராம் பெர்னதெத். "எறும்பு காட்டின எடத்துல என் கருவிய வைப்பேன். அத நீங்க தடுக்க முடியாது."

தகரக் கொட்டகையில் பெட்டியை வைத்தார். துவைக்கும் கல்லைப் பஞ்சால் துடைத்து எடுத்தார், தொட்டித் தண்ணீரைச் சீசாவில் எடுத்தார், துணி உதறுகிற இடத்துத் தூசியை எடுத்தார், விருத்தாம்பாளின் ரத்தத்தையும் கலியமூர்த்தியின் ரத்தத்தையும், கெஞ்சிக் கேட்டு இருபத்தொரு ஆண்களின் ரத்தத்தையும் எடுத்தார். அனுமதிக்கப்பட்ட அளவு என்று புத்தகத்தில் இருப்பதைப்போல முப்பத்தெட்டு மடங்கு அந்தக் கொட்டகைக் காற்றில் இருந்தது. கம்பெனி இரண்டு மாதம் மூடப்பட்டது.

இனி சொல்லப்போவதைச் சொல்ல எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும்.

சித்திரையில் பலா வந்து இறங்கியது. எங்கள் ஊருக்கு அதுதான் வருடம், மீதி மாதமெல்லாம் அதற்குக் காத்திருப்பது. மண்டியில் பழம் மலைபோலக் குவியும், ஒரு பழம் வெடித்தால் போதும், ஊர் ஈ முழுக்க அங்கே வரும், வெளியூர் வியாபாரி மூக்கைச் சுளிப்பான். மண்டிக்காரர் தண்டபாணி தை மாதமே விருத்தாம்பாளுக்கு ஒரு நாற்காலியும் மேலே ஒரு மின்விசிறியும் ஏற்பாடு பண்ணியிருந்தார். அவளும் வந்து உட்கார்ந்தாள், வேலை போன வீட்டில் வேறு வழியில்லை. ஆனால் அவளுடைய எல்லை குறைய ஆரம்பித்திருந்தது. முதல் வாரம் ஒன்பதரை, இரண்டாம் வாரம் ஒன்பது, வைகாசி பிறந்தபோது ஏழு. குவியலின் ஓரத்தில் முதலில் இரண்டு ஈ உட்கார்ந்தது, பிறகு இருநூறு. அவள் கையின் நடுக்கமும் குறைந்திருந்தது, எச்சில் ஊறுவது நின்றிருந்தது, எதிரே வருகிறவர் முகம் தெரிந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை. ஈயைத்தான் கவனித்தோம்.

ஊரில் ஒரு பேச்சு கிளம்பியது, கிளப்பியது யார் என்று கேட்டால் எல்லோரும்தான். ஆஸ்பத்திரியில் மறுபடி காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்றார்கள். அறுபத்திரண்டு குடும்பத்துக்கு அடுப்பு எரியவில்லை என்றார்கள், அதுவும் உண்மை. கம்பெனி திறந்தால் அவள் ஒருத்தி போய், ஒரு மாதம், ஒரே ஒரு மாதம், பழைய மாதிரி துவைத்துவிட்டு வந்தால் ஊருக்கும் நல்லது, கம்பெனிக்கும் பெயர் கெடாது என்றார் தண்டபாணி. அவர் கெட்டவர் இல்லை, கலியமூர்த்தியின் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டுக் கொடுத்தவர். போய்ப் பேச ஓர் ஆள் வேண்டும் என்றபோது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் எடை போடுகிறவன், எல்லா வீட்டுக்கும் பொது. என் அரிசியிலும் வண்டு திரும்ப வந்திருந்தது. போனேன்.

விருத்தாம்பாள் வாசலில் இருந்தாள். குழந்தை அங்கே இல்லை. கொல்லைப் பக்கம் வேப்பமரத்தடியில் பாயில் உட்கார்ந்து ஒரு பிளாஸ்டிக் மூடியைத் தரையில் தட்டிக்கொண்டிருந்தது, தனியாக.

"கொழந்தய ஏன் அங்க விட்டிருக்க? தூக்கிக்க வேண்டியதுதான?" என்றேன்.

"நான் பக்கத்துல இருந்தா என்னோடது அதயும் சேத்து மூடிக்கும்ணே. அதோடது எவ்வளவுன்னு தெரியாது," என்றாள். "செவ்வாக்கெழம செவ்வாக்கெழம இப்படித் தள்ளி வந்து உக்காந்து பாக்குறேன். மேடம் சொன்னாங்க."

பாயைச் சுற்றி வெல்லம் தூவியிருந்தது. எறும்பு வந்தது, நாலு விரலுக்கு அந்தப் பக்கம் நின்றது, திரும்பியது. குழந்தை எங்களைப் பார்த்துக் கையை நீட்டி அழ ஆரம்பித்தது. விருத்தாம்பாள் எழவில்லை. முட்டியைக் கட்டிக்கொண்டு இறுக்கமாக உட்கார்ந்திருந்தாள்.

"எவ்வளவு நேரம்?" என்றேன்.

"அரைமணி. இன்னும் பத்து நிமிசம் இருக்கு." பிறகு என் பக்கம் திரும்பி, "என்னா விசயமா வந்தீங்கண்ணே?" என்றாள்.

அங்கே அந்தக் குழந்தை அழுதுகொண்டிருந்தது, ஓர் எறும்புகூட அதன் பக்கம் போக மாட்டேன் என்கிறது. "சும்மாதாம்மா" என்றேன். பிறகு என்ன நினைத்தேனோ, "குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடு" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். உள்ளே போய்ச் செம்பில் கொண்டுவந்தாள். நான் குடித்தேன். பயமாகத்தான் இருந்தது, இருந்தாலும் முழுக்கக் குடித்தேன்.

மண்டிக்குத் திரும்பி வந்து, "அவ வரமாட்டா" என்று சொன்னேன். அவள் அப்படி எதுவும் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. "ஏன், என்ன சொன்னா?" என்றார் தண்டபாணி. "கேக்குறதா இருந்தா நீங்க போயிக் கேளுங்க. செவ்வாக்கெழம போங்க" என்றேன். அவர் அடுத்த செவ்வாய்க்கிழமை போனார். வந்து மண்டிக்கு வலை வாங்கிப் போட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொருவராகப் போய்விட்டு வந்தார்கள், நர்சம்மா, சத்துணவுக்காரம்மா, கல்யாண வீட்டுக்காரர்கள். போகிறவர்கள் எல்லோரும் ஏதோ கேட்கத்தான் போனார்கள், தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினார்கள்.

ஆடியில் கம்பெனி திறந்தபோது தகரக் கொட்டகை இடிக்கப்பட்டிருந்தது. பெர்னதெத் எழுதிக் கொடுத்ததில் பாதி நடந்தது. மூடிய இயந்திரத்தில் துணி துவைக்கிறார்கள், ஆண்கள் குளித்துவிட்டு வேறு உடுப்பில்தான் வேனில் ஏற வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எல்லோருக்கும் ரத்தம் எடுக்கிறார்கள், கூட்டுகிறவருக்கும் கேன்டீன்காரருக்கும்கூட. கொடியதிலும் கொடியதான ஒரு மருந்தைக் கலப்பதை நிறுத்திவிட்டார்கள். இன்னொன்றை நிறுத்த மறுத்துவிட்டார்கள், அதற்குத் தடித்த கையுறை கொடுத்தார்கள். "கையுறை கடைசியா யோசிக்க வேண்டியது. அந்தச் சாமானே வேணுமான்னுதான் முதல்ல கேக்கணும். எங்க போனாலும் கையுறையில ஆரம்பிச்சுக் கையுறையிலயே முடிச்சிடுறாங்க" என்று பெர்னதெத் அலுத்துக்கொண்டார். அடுத்த வருடத்திலிருந்து கம்பெனி வேறு ஆளை வைத்து அளந்தது. பெர்னதெத் தன் சொந்தச் செலவில் பஸ் ஏறி வந்துபோனார், விருத்தாம்பாள் வீட்டில் சாப்பிட்டார்.

எங்கள் ஊரும் பழகிக்கொண்டது, எதற்குத்தான் பழகவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கம்பெனிக்காரர்கள் வீட்டு வாசலில் வெல்லத்தூளும் டேப்புமாக உட்கார்ந்திருப்பது சாதாரணமாகிவிட்டது. மாப்பிள்ளை பார்க்க வருகிற தரகரிடம் பெண் வீட்டார், "பையன் எத்தன அடி?" என்று கேட்கிறார்கள். ஒருவனுக்கு மூன்றடி தாண்டினால் அவன் மனைவி ஷிப்ட் மாற்றச் சொல்லி நேராக ஆபீஸுக்கே போய் நிற்கிறாள். எறும்பு எந்த விதியில் வருகிறது என்று இப்போது யாரும் கேட்பதில்லை.

விருத்தாம்பாளுக்குக் கம்பெனி ஒரு தொகை கொடுத்தது, போதாது என்று எல்லோருக்கும் தெரியும், வாங்கிக்கொண்டாள், வாதாடத் தெம்பில்லை. சத்துணவுக் கூடத்தில் வேலை கிடைத்தது, சமைக்கிற வேலை. அவள் கையால் ஆக்கிய சோற்றை எங்கள் பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள். அவளுடைய அடி ஐந்துக்கு வந்து அங்கேயே நின்றுவிட்டது. நின்றது நின்றதுதான் போலிருக்கிறது. சில சாயங்காலம் இன்னும் தலை கனக்கிறது என்கிறாள். ஒன்றுவிடாமல் எல்லா செவ்வாய்க்கிழமையும் குழந்தையை மரத்தடியில் உட்கார வைத்துவிட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்தாள். நாலு விரல் மூன்றாக ஆக எட்டு மாதம் ஆனது, மூன்று இரண்டாக ஒரு வருடம் ஆனது. குழந்தை நடக்க ஆரம்பித்து, எழுந்து அம்மாவிடம் ஓடிவர ஆரம்பித்தபோது, அவள் இன்னும் தள்ளிப் போக வேண்டியிருந்தது, கலியமூர்த்தியும் தன்னோடது குறையட்டும் என்று எதிர்ப்பக்கம் போய் நின்றான். இரண்டு பக்கமும் பெற்றவர்கள் தூரத்தில் நிற்க, நடுவில் குழந்தை எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் உட்கார்ந்து விளையாடப் பழகியது.

போன மாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை நான் அங்கே இருந்தேன், ரேஷன் கார்டில் குழந்தையின் பெயரைச் சேர்க்கக் கையெழுத்து வாங்கப் போயிருந்தேன். இலக்கியாவுக்கு மூன்று வயது முடியப் போகிறது. மரத்தடியில் உட்கார்ந்து வேப்பங்குச்சியால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. ஒரு கட்டெறும்பு வந்தது. ஒரு விரல் தூரத்தில் நின்று கொம்பை ஆட்டியது. திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் வந்தது. குழந்தையின் கால் சுண்டுவிரலைத் தொட்டது, ஏறியது, கணுக்கால் வரைக்கும் போனது.

கலியமூர்த்தி, "விருத்தா" என்றான்.

"நகராதீங்க," என்றாள் அவள். "நான் போனா அது போயிடும்."

குழந்தை எறும்பைப் பார்த்தது. அது வரைக்கும் அதன் உடம்பில் எதுவும் ஊர்ந்ததில்லை. ஆச்சரியமாகக் குனிந்து, இரண்டு விரலால் மெல்லப் பிடித்துத் தூக்கப் பார்த்தது. எறும்பு நறுக்கென்று கடித்தது. குழந்தை ஒரு கணம் வாயைத் திறந்து அப்படியே இருந்தது, பிறகு ஊரே கேட்கும்படி, "அம்மா" என்று அலறியது.

விருத்தாம்பாள் ஓடினாள். நான் அவள் ஓடிப் பார்த்ததே இல்லை. ஓடிப்போய்க் குழந்தையை வாரி எடுத்து, விரலைப் பிரித்து, சிவந்து தடித்துக்கொண்டிருந்த அந்தச் சின்ன இடத்தைப் பார்த்தாள், என்னிடம் காட்டினாள், கலியமூர்த்தியிடம் காட்டினாள், வேலிக்கு அந்தப் பக்கம் எட்டிப்பார்த்த பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் காட்டினாள். குழந்தை வலியிலும் கோபத்திலும் அவள் தோளை அடித்து அடித்து அழுதது. "அழு கண்ணு," என்று சொல்லிக்கொண்டே அவள் அந்த விரலை வாயருகே வைத்து ஊதினாள், "நல்லா அழு."